தொட்டியில் எட்டு மீன்கள்

ஜூன் 3, செவ்வாய்

நூலகத்தில் எடுத்த நாவலைத் தொடங்கினேன். எண்ணூற்றுச் சொச்சம் பக்கம். கதை சொல்வது ஒரு காடு! இருநூறு வருடம் கழித்து, நாம் கொசுவைப் பற்றிப் பேசுவதுபோல் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறது. மழைக்கு மட்டும் நாற்பது பக்கம். எழுதினவருக்கு மூச்சே வாங்காது போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தலைக்கு வெச்சுப் படுக்கலாம்" என்றார்.

ஜூன் 5, வியாழன்

கீழே வைக்கவே முடியவில்லை. நாவலில் வரும் காட்டுக் காவலர்கள் தினமும் பறவைகளை எண்ணிப் பதிய வேண்டும்; எண்ணிக்கை குறைந்தால் சுற்றியுள்ள ஆலைகளை மூட வேண்டும் என்று சட்டம். இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சந்தையில் பறவை வாங்கிப் பறக்கவிட்டு, அதை எண்ணுகிறார்கள்! நமக்குக் கதை சொல்லும் காடு, அவர்களிடம் மட்டும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. மடப்பயல்கள் என்று வாய்விட்டே திட்டினேன்.

ஜூன் 7, சனி

நீரேற்று நிலைய ஆய்வுக்கூடத்தில் இந்த வாரம் முழுக்க என் முறை. ஊருக்குப் போகும் தண்ணீர் முதலில் எங்கள் கண்ணாடித் தொட்டி வழியாகப் போகும். அதில் எட்டு மீன்கள். மீன் செத்தால் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மதகை மூடிவிட்டு, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

காலையில் ஒன்று மிதந்தது. மேலாளரிடம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் 'சரி, சரி' என்பார்; அதனால் அவருக்குச் சரிசரி என்றே பெயர். "வயசான மீனா இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணுக்காக ஊரையே காயப் போட முடியுமா? மாத்திடுங்க" என்றார். எல்லோரும் செய்வதுதான். பின்னறை வாளியில் மாற்று மீன்கள் எப்போதும் இருக்கும். பதிவேட்டில் 'உயிரோடு எத்தனை' என்று ஒரே ஒரு கட்டம்தான். எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று இரண்டு. மாற்றினேன். எட்டு.

ஜூன் 9, திங்கள்

மூன்று. மதகை மூடலாமா சார் என்று கேட்டேன். "என்னம்மா, கதைப் புத்தகம் படிச்சுப் பயந்துட்டீங்களா?" என்றார் சரிசரி. அறையே சிரித்தது. வெட்கமாகப் போய்விட்டது. மறுபடியும் எட்டு.

திரும்பும்போது இரண்டு கேன் தண்ணீர் வாங்கி வந்தேன். வீட்டுக்காரர் ஏன் என்றார். சும்மாதான் என்றேன். எதிர்வீட்டுத் தையல்காரி குழாயடியில் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குட்டி வாய் நிறையத் தண்ணீர் பிடித்து என்மேல் துப்பிவிட்டுச் சிரித்தது.

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? ஒரு வார்த்தை — சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

ஜூன் 10, செவ்வாய்

எட்டு.

ஜூன் 11, புதன்

விடிந்ததும் எதிர்வீட்டில் அலறல். குட்டிக்கு வாந்தி, பிறகு வலிப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் இதே கதை.

நான் வேலைக்கு ஓடினேன். தொட்டியில் ஐந்து மிதந்தன. சரிசரி வாளியோடு வந்தார். "தொடாதீங்க சார்!" என்று கத்திவிட்டேன். உயிரோடு மூன்று என்று எழுதி, நானே மதகை மூட வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆற்றின் மேல்பகுதியில் ஏதோ ஓர் ஆலையின் கழிவாம். விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டினார்கள். சனி எட்டு, ஞாயிறு எட்டு, திங்கள் எட்டு, செவ்வாய் எட்டு. எல்லாம் என் கையெழுத்து. செவ்வாய் ராத்திரிதான் விஷம் கலந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். உடனே மதகை மூடிய ஊழியர் என்று எனக்குப் பாராட்டு வேறு. சரிசரி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

நாவலில் இன்னும் நூற்றுப்பத்துப் பக்கம். காடு இன்னும் அந்தக் காவலர்களிடம் வாய் திறக்கவில்லை. மேலே படிக்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். குட்டி கண் திறக்கவில்லை. தையல்காரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க மட்டும் மூடலன்னா என்ன ஆகியிருக்கும்க்கா!"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எத்தனை நாள் குடிச்சிருப்பான்னு டாக்டர் கேக்குறாரு. அதை வெச்சுத்தான் மருந்து முடிவு பண்ணணுமாம். செவ்வாய் ராத்திரி மட்டும்தானேக்கா? அப்படியே சொல்லிடவா?"

ஆமா என்றேன்.