போர்டு துடைக்கிற துணியும் நம் மகள் முகமும்

என் வசந்தாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த நாள் இன்று மறுபடியும் வந்திருக்கிறது. வழக்கமாக இந்த நாளில் உன் படத்துக்கு மாலை போட்டு, வடையைக் கருக்கி, காக்காய்கூட ஒரு தடவை யோசித்துவிட்டுக் கொத்துகிற மாதிரி ஒரு படையல் போடுவேன். இந்த வருடம் காலையிலிருந்து உனக்கு மாலை போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்கு ஹாரன் அடித்துத்தான் பழக்கம், பேனா பிடித்து அல்ல. ஆனால் நெஞ்சுக்குள் விழுந்த இடி இன்னும் அடங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? பெண் பிள்ளையைப் பெற்ற மற்றவர்களும் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

நீ போனபோது பவித்ரா ஒன்றாம் வகுப்பு. இப்போது சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு ஃபோன் கம்பெனியில் ஃபோன் பூட்டுகிற லைனில் நிற்கிறாள். தலைக்குக் குல்லா, முகத்துக்கு மாஸ்க், உடம்புக்கு வெள்ளைக் கோட்டு. கண் மட்டும்தான் தெரியும். பவுடர், கிரீம் எதுவும் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாதாம். ஒரு துகள் விழுந்தால் ஃபோனுக்குள் வைக்கிற போர்டு கெட்டுப்போகுமாம்.

போன மாதம் அவள் வீட்டிலும் மாஸ்க்கைக் கழற்றவில்லை.

"சளி புடிச்சிகினு கீதுப்பா. உனக்கு ஒட்டிக்கப் போவுது" என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். போன சோறு அப்படியே திரும்பி வரும். என் சமையலை யார்தான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறார்கள்? அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவள், நான் வந்ததைக் கவனிக்காமல் திரும்பினாள். வசந்தா, அது நம் பெண்ணின் முகமே இல்லை. இரண்டு கன்னமும் வெந்த மாதிரி சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, வாயோரம் வெடித்திருந்தது. ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரி குறுக்கே வந்தபோதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை.

"இன்னாம்மா இது? யாரு இன்னா பண்ணாங்க?"

"யாரும் ஒண்ணும் பண்ல. நானேதான்."

"நீயேன்னா?"

"லைன்ல போர்டு தொடைக்க ஸ்பிரிட்ல நனைச்ச துணி குடுப்பாங்கப்பா. ஒரு இழுப்பு இழுத்தா எண்ண, அழுக்கு எல்லாம் பூடும். போர்டு பளபளன்னு ஆயிடும். மூஞ்சும் அப்டி ஆவும்னு நெனச்சி, எடுத்தாந்து தெனம் தொடச்சேன்."

எனக்குச் சிரிப்பதா அடித்துக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. உலகத்தில் வேறு யாருக்காவது இந்த யோசனை வருமா?

மறுநாளே ஸ்ரீபெரும்புதூரில் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் தொடச்சிருந்தா தழும்பு நின்னிருக்கும். இந்த முகத்தோட மாஸ்க் போட்டு நிக்கக் கூடாது. ஆறுற வரைக்கும் லீவு" என்றார். மறுபடி அந்தத் துணியைத் தொட்டால் ஆறவே ஆறாது என்றும் சொன்னார். பிறகு, "என்ன சாப்பிடுறே?" என்று கேட்டார்.

பவித்ரா தரையைப் பார்த்தாள். "டீ, பிஸ்கட்."

எண்ணெய் சாப்பிட்டால் முகத்தில் எண்ணெய் வழியும் என்று வேர்க்கடலை, முட்டை, தாளித்தது எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல யார் சமையல்? என்ன செய்வீங்க?"

"நான்தான் மேடம். சோறு, ரசம்."

"தினமுமா?"

"இல்ல மேடம். சில நாளு ரசம், சோறு."

"முகத்துக்கு என்ன சோப்பு?"

"ஒரே சோப்புதான் மேடம். அவளுக்கு, எனக்கு, என் பனியனுக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தோல் போர்டு இல்லம்மா. அதுக்கு உயிர் இருக்கு. அதுல இருக்கிற எண்ணெய் அழுக்கு இல்ல, போர்வை. நீ தினம் அந்தப் போர்வையைப் பிடுங்கி எறிஞ்சிருக்கே."

நுரை கம்மியான, வாசனையில்லாத சோப்பு எழுதிக் கொடுத்தார். தேய்க்கக் கூடாது, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஒரு கிரீம், வெயிலுக்கு ஒரு கிரீம். மீதியெல்லாம் தட்டில்தான் இருக்கிறது என்றார். கீரை, முட்டை, கடலை, பப்பாளி, நெல்லிக்காய், வேளைக்குச் சோறு, நல்ல தூக்கம். இவ்வளவுதானா வசந்தா? இதற்கா பிள்ளை முகத்தை உரித்துக்கொண்டாள்?

என்னையும் விடவில்லை. பஸ் ஜன்னல் வெயிலில் என் வலது கன்னம் கருவாடு, இடது கன்னம் பச்சை மீன். "நீங்களும் வெயில் கிரீம் போடுங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஷெட்டில் டிரைவர் முருகன் என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டான்.

"இன்னா நைனா, மூஞ்சிக்கு வெள்ளையடிச்சிகினு வந்துக்கிற? வூட்ல இன்னா விசேஷம்?"

"என் மூஞ்சிக்கு இன்னாடா கொறச்சல்?"

"கொறச்சலே இல்ல நைனா. ரெண்டு மூஞ்சிக்குப் பெயின்ட் மிச்சம் கீது."

இப்படிச் சிரித்துக்கொண்டே தேறிவிடலாம் என்று நினைத்தேன். பவித்ராவுக்கு எரிச்சல் அடங்கியது. தோல் உரிவது நின்றது. ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தால், உன் படத்துக்கு முன்னால் நிற்கிறாள். கையில் அதே துணிப் பொட்டலம். பையில் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

"பவி, வேணாம்மா. டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா? உனக்கு எதுக்கு இந்தப் பளபளப்பு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் காட்டினாள்.

"அம்மா எவ்ளோ கலரா கீறாங்க, பாரு. ரோஸ் கலர்ல. நீ தெனம் இந்த மூஞ்சப் பாத்துட்டுத்தான் வண்டிக்குப் போற. என் மூஞ்சில அதுல ஒரு பொட்டுகூட இல்லியேப்பா."

வசந்தா, குழாயடியில் விழுந்தது இடியே இல்லை. இதுதான் இடி.

ரோஸ் கலரா? நீயா? அந்தப் படத்தை உன் அண்ணன் அன்றைக்கு அவசரத்தில் ஸ்டுடியோவில் போட்டு வாங்கி வந்தார். அஞ்சலிப் படம் என்றாலே நிறத்தை ஏற்றித்தான் கொடுப்பார்கள். சாவு வீட்டில் அதை யார் கவனித்தது? நீ பார்த்திருந்தால், "யாருய்யா இந்தப் பொம்பள?" என்று கேட்டிருப்பாய். எனக்கு அந்தப் படத்திலும் உன் நிஜ முகம்தான் தெரிந்தது. ஆனால் வளர்ந்த பிள்ளைக்கு அம்மா என்றால் அந்தப் படம்தான். பெற்றவளின் நிறம் பிள்ளைக்கு மறந்துபோகுமா? மறந்திருக்கிறது.

"உங்கம்மா கருப்பும்மா. என்னவிடக் கருப்பு" என்றேன். அவள் நம்பவில்லை.

அன்றைக்கே தண்டலத்தில் உன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பரண்மேல் கிடந்த ஆல்பத்தில் பவித்ராவின் காதுகுத்து. நீ வெயிலில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எதற்கோ வாயைத் திறந்து சிரிக்கிறாய். கழுத்தெல்லாம் வேர்வை. நல்ல கருப்பு. கன்னத்தில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு நிற்கிறது. எந்தத் துணியும் துடைத்து வந்த பளபளப்பு இல்லை அது.

பவித்ரா படத்தில் உன் கன்னத்தைத் தடவினாள், தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்பா, இது என் மூஞ்சிப்பா" என்றாள். பையில் இருந்த பொட்டலத்தை எடுத்து உன் அண்ணன் வீட்டுக் குப்பைக்கூடையில் அவளே போட்டாள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்க ஸ்டுடியோவுக்குப் போனோம். கடைக்காரர் பழக்கத்தில் கேட்டார், "கொஞ்சம் கலர் ஏத்திடலாமா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பவித்ரா மாஸ்க்கைக் கழற்றினாள். கன்னம் பாதி ஆறியிருந்தது, பாதி ஆறவில்லை.

"அண்ணே, எங்கம்மா மூஞ்சில கைய வெச்சே, கடைக்குள்ள செருப்பு பறக்கும்."

அவர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அப்டியே போட்டுர்றேன்மா" என்றார்.

காலையில் பழைய படத்தை இறக்கிவிட்டேன். கண்ணாடி போட்டுப் புதுப் படம் சாயந்திரம் வருகிறது. மாலையைப் பவித்ராதான் போடுவாள். வரும் திங்கட்கிழமை லைனுக்குத் திரும்புகிறாள். டாக்டரம்மா சரி என்று சொல்லிவிட்டார். நேற்று முட்டை, கீரை இரண்டையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். அது எனக்கு மெடல் மாதிரி.

இதோ, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த வீட்டில் அவள் முகத்தையும் சரி, உன் முகத்தையும் சரி, யாரும் துடைத்து வெளுக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் உன் வீட்டுக்காரன்,
உன் ஜாடையில் இருக்கிற பவித்ராவின் அப்பன்.