நீயும் நானும் விற்ற நெற்குப்பை வீடு

நேற்று ஒரு மனை பார்க்க நெற்குப்பைக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பியதுமே சீப்புச் சீடை வேகும் வாசம். நாம் விற்ற வீட்டிலிருந்துதான். சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நீயாக இருந்தால் நேரே உள்ளே போய் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்திருப்பாய்.

நாம் வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடியபோது இருவருக்குமே நாற்பது தாண்டியிருந்தது. வேறு கடையில் வேலை கேட்கலாம் என்றேன். "சேலை விக்கத் தெரிஞ்சவளுக்கு வீடு விக்கத் தெரியாதாடி?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு, காரைக்குடியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஆபீஸ் போட்டாய். பத்திர ஆபீஸ் எதிரே டீக்கடையில் கூடும் புரோக்கர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். மனை வாங்க ஆளில்லாத நேரம் அது. பெரிய வீடுகளை வாங்கியவர்களும் இடித்துத் தேக்கையும் தூணையும் எடுக்கத்தான் வாங்கினார்கள். முதல் வருஷம் முழுக்க நாம் முடித்தது இரண்டு வாடகை வீடுகள்.

அப்போதுதான் நெற்குப்பை வீடு வந்தது. பதினோரு பங்காளிகளில் பத்துப் பேர் ஒரு மரக்கடைக்காரருக்கு விற்கச் சம்மதித்துவிட்டார்கள். அந்த வீட்டில் தனியாக இருந்த ஆச்சி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அதை வாங்கித் தந்தால் கமிஷன் நமக்கு.

ஆச்சி காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "விக்க வேணாம்னு சொல்லலை. எனக்கும் தனியா முடியலை. ஆனா ஒடைக்கிறவுகளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்றீகளே, அது என்னால ஆகாது."

நான் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "போடாதீக ஆச்சி. வீட்டை வீடா வச்சுக்கிற ஆளை நாங்க கொண்டாரோம்."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு வருஷமா ஈ ஓட்டுறோம். வந்த வியாபாரத்தையும் தள்ளிவிட்டுட்டு வாரியே!"

நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "கடையில ஆளைப் பாத்துத்தானே சேலையை விரிச்சோம்? இம்புட்டுப் பெரிய அடுப்படி, ரெண்டு முற்றம், வத்தாத கெணறு. இது யாருக்கு வேணும்னு யோசி" என்றாய்.

மற்றவர்கள் ஹோட்டல்காரர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் தேடிக்கொண்டிருந்தபோது, நீ ஊருக்குள்ளேயே கண்டுபிடித்தாய். மூன்று வாடகை வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு பலகாரம் போட்டு, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்த அம்மாளை. அவர் வந்து தூணையும் கதவையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பின்கட்டுக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் குடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நீயோ அவரை மாடிக்குக் கூட்டிப்போய், ஓடு ஒழுகும் இடத்தைக் காட்டினாய். உன் கையைக் கிள்ளினேன். "மழை வந்தா அவுகளே பாக்கப் போறாக. இன்னைக்கே பாக்கட்டும்" என்றாய்.

வீடு அவருக்குப் பிடித்தது. பேங்க் லோன் வர மூன்று மாதமாகும் என்றார். பங்காளிகள் பொறுப்பதாக இல்லை. கடைசியில் ஆச்சியே ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். "நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்லையப்பா. இது ஒண்ணு கேக்குறேன், பொறுங்க."

பொறுத்தார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது; அதுதான் உனக்கு அவகாசம் தரவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதும் பேங்குக்குப் போன் பேசினாய். பதிவன்று வேண்டாம் என்று நான் தடுத்தும், முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எங்குட்டு ஆத்தா போடணும்?" என்றார். நீ விரல் வைத்துக் காட்டினாய். அங்கே போட்டார்.

வெளியே வந்தபோது டீக்கடைப் புரோக்கர்கள் பெஞ்சை விட்டு எழுந்து வழிவிட்டார்கள். "பாத்தியாடி" என்று என் காதில் சொன்னாய். நீ அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் நீ இல்லை.

ஆபீஸை மூடிவிடத்தான் நினைத்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் திறந்தேன். மார்க்கெட் இன்னும் மந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வருஷம் நான்கு வீடுகள் முடித்திருக்கிறேன், ஒன்றுகூட இடிக்கப் போகவில்லை.

போன மாதம் நாச்சியாபுரத்து வீட்டுக்காரர் வந்தார். பல வருஷமாக விலைபோகாத வீடு. "இது யாருக்கு வேணும்னு பாப்போம்" என்றேன். "யாருக்கும் வேணாம்னுதானேம்மா உங்ககிட்ட வாரேன்" என்றார். கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் இன்னொருவர், அண்டாக்களை வைக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டை அவருக்கு முடித்துக் கொடுத்தேன்.

எனக்குக் கைராசி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும்.