ஒரு தரம், ரெண்டு தரம்

மார்ச் 3, செவ்வாய்

அறுவை சிகிச்சை வெள்ளிக்கிழமைதானாம். அதுவரை விடுதி அறையில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்ப்பதா என்று அப்பா கேட்டார். "தலைநகரத்துக்கு வந்துட்டு ஆஸ்பத்திரிய மட்டும் பாத்துட்டுப் போனா சந்தையில சிரிப்பாங்க. கோட்டை, அரண்மனை எல்லாம் காட்டு." குரல் கரகரத்துப் போயிருக்கிறது. அப்படியும் தாழ்வாரத்தின் கடைசியில் துடைப்பம் வைத்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

தொண்டையில் புற்று. வெள்ளிக்கிழமை அப்பாவின் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் போய்விடும் என்கிறார் டாக்டர். பேச்சு மட்டும்! காலம் முழுக்கக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவிய மனிதர். சந்தையில் அவருக்குப் பெயரே மைக்செட்.

முட்டிவலியால் அம்மா வரவில்லை. போனில் ஒரே ஒரு வேலை சொன்னாள். "அவரு பேசுறத போன்ல பிடிச்சுட்டு வா. எதையாவது பேசட்டும். எனக்கு வேணும்."

மார்ச் 4, புதன்

கோட்டை பார்த்தோம். அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் ஏலத்துக்கு வந்த சரக்குதான். பீரங்கியைத் தட்டிப் பார்த்து உள்ளே சொத்தை என்றார். மதிலை அண்ணாந்து பார்த்து, எடுத்தாலும் ஏற்றிப்போக லாரி பத்தாது என்றார். ஓயாத பேச்சு. ஆனால் நான் போனைத் தூக்கியதும் வாய்க்குப் பூட்டு. போட்டோதான் என்று பொய் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது முறை முகம் மாறிவிட்டது. "செத்துப் போறவனப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதம்மா."

எனக்கும் கோபம் வந்தது. கேட்காதபோதெல்லாம் காது கிழியப் பேசிவிட்டு, கேட்கும்போது மட்டும் வீம்பு. அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

மார்ச் 5, வியாழன்

அரண்மனை. சிம்மாசனம் இருக்கும் கூடத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். கதவோரம் ஒரு முக்காலியில் காவலாளி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு. பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் பேசவில்லை. அப்பா சிம்மாசனத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். ஐயோ, ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"பாத்துக்கங்க, பாத்துக்கங்க! ஒரே வீட்டு ஆளுங்க உக்காந்த நாற்காலி. வெயில் படல, மழையில நனையல. யாரு கேக்குறீங்க?"

வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். ஒரு சின்னப் பெண் தன் சைக்கிளைத் தருவதாகச் சொன்னாள். ஒரு அம்மாள் மருமகனையே தருகிறேன் என்றார்; மருமகன் பக்கத்திலேயே நின்று நெளிந்தார். "மருமகன் நடப்பு விலை என்னன்னு விசாரிக்கணுமே" என்றார் அப்பா. கூடமே சிரித்தது. அப்போதுதான் புத்தி வந்து, கைப்பைக்குள் கையை விட்டு, போனில் பதிவுப் பொத்தானை அமுக்கினேன்.

"ஒரு தரம்..." என்று இழுத்தார். கரகரப்பெல்லாம் எங்கே போனது? குரல் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. "ரெண்டு தரம்..."

அத்துடன் நிறுத்திவிட்டார். சந்தையில் மூன்றாம் தரத்தோடு உள்ளங்கைகளை ஒரு தட்டு தட்டுவார், சரக்கு கைமாறியது என்று பொருள். சந்தைக்குப் பின்தெருவில்தான் எங்கள் வீடு. அந்தத் தட்டு அடுப்படி வரை கேட்கும். "வித்துட்டாரு" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

காவலாளி எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மூணாவதை விட்டுட்டீங்களே ஐயா என்றார்.

"சொல்லிட்டா வித்துப் போச்சு தம்பி. நாளைக்கு வர்றவங்க எதப் பாப்பாங்க?"

அறைக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். சாவிக்கொத்து உரசுகிறது. ஜனங்கள் சிரிக்கிறார்கள். அப்பா பேசிய இடமெல்லாம் கிணற்றுக்குள் யாரோ முனகுவது போல. ஒரு சொல் கூடத் தெரியவில்லை. கைப்பையைத் திறந்தாவது வைத்திருக்கக் கூடாதா நான்? குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 6, வெள்ளி

தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது கூடவே நடந்தேன். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கதவருகே தலையைத் திருப்பினார். "என் செருப்பு கட்டிலுக்கு அடியில கிடக்கு. எடுத்து வெச்சுக்கோ."

அவ்வளவுதான். அதுதான் கடைசி.

மார்ச் 15, ஞாயிறு

சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். தண்ணி என்று எழுதினார். பிறகு கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

வீடு வந்து சேர்ந்தோம். அம்மா அவருடைய கழுத்து ஓட்டையைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தாள். சமையலறைக்குள் வந்ததும் என்னிடம் கையை நீட்டினாள். பதிவைப் போட்டுக் காட்டினேன். காதோடு வைத்து முழுக்கக் கேட்டாள்.

"இதுல அவரு எங்கடி?"

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "எல்லாரும் சிரிக்கிறாங்கல்ல, போதும்" என்றாள். போதவில்லை என்று எனக்குத் தெரியும்.

மே 11, திங்கள்

சந்தை ஆட்கள் பார்க்க வந்தார்கள். அப்பா எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்போது வேறு ஆள் கூவுகிறார். காலையில் அந்தச் சத்தம் வரும்போது அம்மா ஜன்னலைச் சாத்திவிடுகிறாள். பிழைத்துவிட்டார், அதைப் பார் என்கிறார்கள் எல்லாரும். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கே பிழைத்தார்?

ஜூன் 9, செவ்வாய்

மறுபரிசோதனைக்கு மறுபடியும் தலைநகரம். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். ரயிலுக்கு நேரம் இருந்தது. வெளியே வந்ததும் என் சட்டைக்கையைப் பிடித்து அரண்மனைப் பக்கம் இழுத்தார். இத்தனை நாளில் அவராகக் கேட்ட முதல் விஷயம்.

கூடத்துக்குள் போகும் முன்பே சத்தம் கேட்டது. "ஒரே வீட்டு ஆளுங்க உக்காந்த நாற்காலி! வெயில் படல, மழையில நனையல!" அதே காவலாளி. எதிரே பள்ளிப் பிள்ளைகள். ஒருவன் தன் வீட்டுப்பாட நோட்டுகளைத் தருகிறேன் என்கிறான். அப்பா இளைத்துப்போயிருந்தார், கழுத்தில் துணி வேறு. காவலாளிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

அந்த இழுப்பு, அந்தச் செருமல் — அப்படியே அப்பா. அம்மாவைப் போனில் கூப்பிட்டு, பேசாமல் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி, போனைத் தூக்கிப் பிடித்தேன். அப்பா பார்த்தார். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

காவலாளி நிறுத்தினார், கற்றுக்கொண்டபடியே. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா கைகளைத் தூக்கி ஒரு தட்டு தட்டினார்.

கூடமே திரும்பியது. ஐயோ, வித்துட்டீங்களே பெரியவரே என்றார் காவலாளி. பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்கச் சத்தம் இல்லை.

போனைக் காதில் வைத்தேன்.

"கை தட்டினது அவருதானே?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. போனை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்தபடியே வாசல் வரை நடந்து வந்தார்.