நல்லாருக்கு என்று சொன்ன பல்

1 ஜூலை, செவ்வாய்
காலையிலிருந்து மழை. துணிக்கடைக்கு இருபது நிமிடம் தாமதம்.

மதியம் கடையில் யாரோ வாங்கிக் கொடுத்த ஐஸ் போட்ட மைலோ பானம். ஒரு வாய்தான். மேல்வரிசைப் பல் முழுக்கச் சுரீர். கண்ணில் தண்ணீர். தலைவலி என்று சமாளித்தேன்.

நாலு வருடம் ஆகிறது, வீட்டுக்காரரின் தங்கை ரெஜினா அவள் வீட்டு ஹாலில் வைத்து என் பல்லை வெளுத்து. ஆறு மாதம் பளபள. மங்கியது, மறுபடி செய்தாள். மொத்தம் ஐந்து தடவை. இப்போது பல் நுனி கண்ணாடி மாதிரி, நடுவில் மஞ்சள் திட்டு.

விட்டவை: ஐஸ், அன்னாசி, புளிக்குழம்பு, சூடான தே தாரிக் டீ, வாய் திறந்து சிரிப்பது.

ரெ. கன்னத்தில் ஓங்கி விட வேண்டும் போல் இருக்கிறது. நேரில் கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வேன். நாத்தனாராயிற்றே.

3 ஜூலை, வியாழன்
பல் கிளினிக். இரண்டு மணி நேரம் காத்திருப்பு. டாக்டர் சின்ன வயசு, தமிழ்ப் பெண்.

"யாரு செஞ்சதுக்கா? லைசென்ஸ் உள்ளவங்களா?"

"சொந்தக்காரங்க."

"மருந்து ரொம்ப ஸ்ட்ராங். தேஞ்ச எனாமல் திரும்ப வளராது. இனி யாரையும் தொட விடாதீங்க."

புகார் கொடுக்கலாம் என்றார். பெயர் சொல்லவில்லை. காரில் ஏறி ஸ்டீயரிங்கைக் குத்தினேன், முட்டி வீங்கும்வரை.

5 ஜூலை, சனி
மகள் ஜெனிக்கு (22) நிச்சயதார்த்தம், அடுத்த சனி. பாக்கி: கேக், பிளவுஸ், ஃபாதரிடம் நேரம் உறுதி செய்வது.

ஜெ. கண்ணாடி முன்னால் பல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "போட்டோல மஞ்சளா தெரியுமாம்மா?" தெரியாது என்றேன். என் வாயைத் திறந்து காட்டியிருக்கலாம். வெட்கம். பிளவுஸ் வாங்கப் போய்விட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு
எழுதிவிட வேண்டும்.

சர்ச்சில் பூசை முடிந்து ரெ. வீட்டுக்கு, தட்டு இரவல் வாங்க. ஹாலில் நாற்காலியில் ஜெ. வாய்க்குள் பிளாஸ்டிக், பல்லில் மருந்து, நீல விளக்கு.

"வாங்க அண்ணி. சர்ப்ரைஸ் லா. பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்."

விளக்கை எட்டி உதைத்தேன். உடைந்தது. ரெ. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். இரண்டு தடவை. சுகமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"என் பல்லக் கொன்னுட்ட. என் புள்ளயத் தொடாத."

"வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னீங்களா அண்ணி? இப்ப வந்து அடிக்கிறீங்க."

ஜெ. பிளாஸ்டிக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடுவில் வந்தாள். "அத்தைய விடுங்கம்மா. எல்லார்கிட்டயும் நீங்கதானே நல்லாருக்குன்னு சொன்னீங்க? அத நம்பித்தான் வந்தேன்."

அறைந்தேன். கை தவறிப் படவில்லை. அவளைத்தான் அறைந்தேன், அந்த வார்த்தைக்காக. மோதிரம் வாயில் பட்டது. முன்பல் பாதி தரையில்.

7 ஜூலை, திங்கள்
வேலைக்குப் போகவில்லை. ஜெ. உதடு வீக்கம். நாளை கிளினிக்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீடியோ காலில் கூப்பிட்டார். வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். இல்ல, வலியெல்லாம் இல்ல."

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போனை வாங்கி உண்மையைச் சொல்லியிருக்கலாம்.