பிரேயரில் நான் படித்தது

12.8.2009, புதன்

இன்று பிரேயரில் செய்தி வாசிப்பது என் முறை. பேப்பர் செய்திகளைப் படித்து முடித்ததும், நானே எழுதியதையும் சேர்த்துப் படித்துவிட்டேன். பள்ளி திறந்ததிலிருந்து எங்கள் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது, அதனால் பெண்கள் யாரும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை என்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார். "படிச்சது பொய்யின்னு எழுதிக் குடு. இல்லன்னா நாளைக்கு உங்க அப்பாவக் கூட்டிக்கினு வந்து டிசி வாங்கிக்கினு போ" என்றார்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"நெசமாவே பூட்டித்தான் கெடக்குதா?"

"ஆமாம்ப்பா."

"அப்பறம் எதுக்குப் பொய்யின்னு எழுதணும்? மல்லாட்டைக்குக் களை வெட்றத அம்மா பாத்துக்கும். நான் வர்றேன்."

அப்பா இதுவரை என் பள்ளிக்குள் வந்ததில்லை. அந்த அறையில் அவரை நிற்கவைத்துத்தான் பேசுவார்கள். அவர் தூங்கியபிறகு, நான் படித்தது பொய் என்று ஒரு கடிதம் எழுதிக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அவரை ஒரு வார்த்தை சொன்னாலும் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.