கொல்லைப்புறத்துத் துறவி

சியாங் ராய்,
மழை விட்ட மறுவாரம்

மழைக்காலத்துக்கு முன்னால வரைக்கும் என் வீட்டுக்காரரா இருந்த வணக்கத்துக்குரிய துறவிக்கு,

மூணு மாசம் மடத்துல இருந்துட்டு வந்துடறேன்னு போனீங்க. கூடப் போனவங்க எல்லாம் காவியைக் களைஞ்சு வீடு வந்து சேர்ந்தாச்சு. நீங்க வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் பெரிய குருவோட வந்து, கொல்லையில இருக்கிற தூங்குமூஞ்சி மரத்துக்குக் காவி கட்டி, தீட்சை கொடுத்து, அதையும் துறவியாக்கிட்டுப் போயிட்டீங்க. நான் அதை வெட்டப் போறேன்னு யார் போட்டுக் கொடுத்தாங்க?

மரம் வெட்டற சொம்பூன் ரம்பத்தோட வந்தான். காவியைப் பார்த்ததும் மண்டி போட்டு மூணு தடவை கும்பிட்டான். "அக்கா, துறவியையா அறுக்கச் சொல்றீங்க?"ன்னு கேட்டுட்டு ஒரே ஓட்டம்.

அந்த மரத்துல துணிக்கொடி கட்டவும் வழியில்லை. "பொம்பளை துறவியைத் தொடலாமாடி?"ன்னு பக்கத்து வீட்டு புன்ருவாங் சண்டைக்கு வரா. அவ மட்டும் மரப்பட்டையைத் தடவித் தடவி, அதுல தெரியுற கோட்டுல லாட்டரி நம்பர் தேடலாமாம்!

நேத்து அடிச்ச காத்துல கிளை முறிஞ்சு சமையற்கட்டுக் கூரையில விழுந்துடுச்சு. ஆத்திரத்துல அந்தத் துறவியைப் பிடிச்சுத் திட்டித் தீர்த்தேன். உங்களை மாதிரியே பதில் பேசாம நின்னார்.

ஆனா ஒண்ணு. துறவியான பிறகும் அவர் வீட்டை விட்டுப் போகலை.

இப்படிக்கு,
ஒழுகுற வீட்டுக்காரி