முள் மேல் தப்பில்லை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் காரில் ஹீட்டர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே அதற்கு மேல். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் போன வாரத்திலிருந்து சிவப்புக் கோட்டில் நிற்கிறது. "ஹீட்டர் போட்டா எஞ்சின் சூடு கொஞ்சம் நம்ம பக்கம் வந்துடும்" என்பது என் வீட்டுக்காரரின் வைத்தியம். வந்துவிட்டது. பின் சீட்டில் மாமியார் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "எஞ்சினைக் காப்பாத்துறேன்னு பெத்தவளை வேக வைக்கிறியேடா" என்றார். மகன் காதில் விழவில்லை. விழுந்தும் விழவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தங்கைக்கு இது ஒன்பதாம் மாதம். அவள் புருஷன் கப்பல் வேலையில். கரைக்கு வர நாளாகும். அதனால் எங்களோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். வலி எடுத்தால் இந்த வண்டிதான் கதி.

மார்ச் 5, வியாழன்

எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் தண்ணீரை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினார். முள் அசையவில்லை. "புதுசு இல்லையா, பழகணும்" என்றார். தண்ணீர் எதற்குப் பழக வேண்டும்? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சாப்பாடு வரை நீளும்.

மார்ச் 7, சனி

இன்று தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் வால்வாம். புதிது போட்டார். சட்டையெல்லாம் கூலன்ட்டின் பச்சை. முள் குத்துக்கல் மாதிரி அங்கேயே.

"மாத்த வேண்டியது ஓட்டுறவனை" என்றார் மாமியார்.

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க அத்தை, இங்கேயே பொறந்துடும்."

மார்ச் 8, ஞாயிறு

காலையில் கார் கண்ணாடி திறந்தே கிடந்தது. ஏற்றலாம் என்று சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. முள் துள்ளி எழுந்து சிவப்பில் போய் உட்கார்ந்தது.

பானெட்டைத் திறந்து எஞ்சினைத் தொட்டேன். கல் மாதிரி சில்லென்று. அப்படியானால் — ஜுரமே இல்லாத பிள்ளைக்கா இத்தனை ஊசி போட்டோம்?

ஓடிப்போய் இவரை எழுப்பினேன். "என்னங்க, எஞ்சின் சில்லுனு இருக்கு. முள் மட்டும் கொதிக்குது."

கண்ணைத் திறக்கவில்லை. "உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

என்ன தெரியுமாம்! தெனமும் அடுப்பு முன்னால நிக்கிறவளுக்கு எது கொதிக்குது, எது கொதிக்கலைன்னு தெரியாதா? எரிச்சலா வருது. எழுதக்கூடப் பிடிக்கல.

மார்ச் 9, திங்கள்

இவர் ஆபீசுக்குப் பஸ்ஸில் போனார். வண்டிக்கு ஓய்வாம். நான் உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டேன். "எஞ்சின்ல சூடு பாக்குற சென்சார்ல ஒத்தை ஒயர் இருக்கும். உருவிப் பாருங்க. முள் இறங்கினா சென்சார் போச்சு. இறங்கலைன்னா கோளாறு ஒயர்லயோ மீட்டர்லயோ" என்றார் கடைக்காரர்.

தங்கை முன் சீட்டில் சாவியைத் திருப்பிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு — நேராக உட்கார்ந்தால் வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கிறது, அதனால் பக்கவாட்டில். மாமியார் எனக்குக் குடை. ஒயரை உருவினேன்.

"அக்கா! விழுந்துடுச்சு!"

"ஐயையோ, யாரு விழுந்தா?" குடை பறந்தது.

"முள் அத்தை, முள்!"

மாட்டினால் ஏறுகிறது, உருவினால் இறங்குகிறது. ஒரு தரம் போதும். ஆசை தீர மாட்டி மாட்டி உருவினோம். பாவம், முள் மேல் தப்பில்லை. சென்சார் சொன்னதைத்தான் அது காட்டியிருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

புது சென்சார் விரல் நீளம்கூட இல்லை. இவர் வருவதற்குள் மாற்றிவிடலாம் என்றால் பழையது இறுகிக் கிடந்தது. நான் பாதி உடம்பு பானெட்டுக்குள் இருக்கும்போது பின்னால் குரல். "என்ன பண்றே?"

"பொய் சொன்ன ஆளைப் பிடிச்சுட்டேன். இந்த ஸ்பேனரை ஒரு இழு இழுங்க."

என்ன தோன்றியதோ, இழுத்தார். சென்சார் கழன்று கூலன்ட் அவர் முகத்திலேயே பீய்ச்சியது. ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டே கேட்டேன், "சுடுதா?"

துடைத்துக்கொண்டார். யோசித்தார். "இல்ல... சில்லுனுதான் இருக்கு."

அந்தக் குரலை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

புதிதை முடுக்கி, கொட்டிய கூலன்ட்டை ஈடுகட்டி, ஸ்டார்ட் செய்தோம். முள் அடியிலிருந்து மெல்ல ஏறி நடுவில் நின்றது. இருட்டும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 14, சனி

இன்னும் ஹீட்டர் போடுகிறார். "ஒரு பாதுகாப்புக்கு."

மார்ச் 17, செவ்வாய்

மத்தியானம் தங்கைக்கு வலி எடுத்துவிட்டது. இவர் லீவில் இருந்தார், நல்ல வேளை. பாதி வழியில் போக்குவரத்து நெரிசல். முள் நடுவைத் தாண்டி ஒரு மயிரிழை ஏறியது. இவருக்கு வேர்த்துவிட்டது. "ஏறுது... ஓரங்கட்டி ஆற விடணும்."

"அத்தான்," என்றாள் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்தினீங்கன்னா கொழந்தைக்கு உங்க வண்டி நம்பரைத்தான் பேரா வெப்பேன்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு. என்ன செய்யட்டும்?"

என்னைக் கேட்டார்! பானெட் பக்கம் காதைக் கொடுத்தேன். "போங்க. முன்னால எஞ்சினை ஆத்துற ஃபேன் சுத்துற சத்தம் கேக்குது. இறங்கிடும்."

இறங்கியது. போனோம்.

பெண் குழந்தை. இருவரும் நலம்.

மார்ச் 20, வெள்ளி

தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் இவர் சாவியை என் கையில் வைத்தார். "நீ ஓட்டு. நான் பின்னால பாப்பாவை வெச்சுக்கறேன்."

வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. நான் எப்போதாவது ஓட்டினால் வரும் கியரை மாத்து, பிரேக்கைப் பிடி — எதுவும் இல்லை. பாப்பா தூங்கினாள், அதனால்தான் பேசவில்லை என்று வீட்டில் இறங்கியதும் சொன்னார்.

சரி, அப்படியே இருக்கட்டும்.